பாட்டன் பிறந்த ஊர் எது?

வாசலில் வந்து நிற்பவனிடம், உன் பெயர் யாது, வந்த வேலை என்ன, கையிலுள்ள சீட்டு எத்தகையது என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விகள் அவை. ஆனால், "உன் பாட்டன் பிறந்த ஊர் எது?" என்று ஒரு வீட்டார் கேட்பரேல், அந்த வீட்டின் விளக்கு எரியவில்லை என்றே கொள்வோம். பட்டயமும் பரம்பரையும் பேசிய பண்ணையார் காலத்துக் கேள்வி அது. அந்தக் கேள்வியை 1968-ஆம் ஆண்டில், பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று பாராட்டப்படும் மன்றத்திலே சட்டமாக்கி, அரசியின் ஒப்பம் பெற்று, ஊரறிய உலகறிய வெளியிட்டது ஒரு நாடு. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கை ஒரு காலத்தில் கட்டி ஆண்ட நாடு. பிரிட்டன்!

இருண்ட கண்டத்தின் ஏதோ ஒரு மூலையிலே, எழுத்தறியாத குலத்தலைவன் போட்ட கட்டளையல்ல இது. ஜான் ஸ்டூவர்ட் மில் பிறந்த நாட்டிலே, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் உயிரோடிருந்த நாளிலே, அதுவும் தொழிற்கட்சி ஆட்சி நடத்துகையிலே பிறந்த சட்டம். ஆகவேதான் இதனை எடுத்துப் பேச விழைகிறோம். பகுத்தறிவுப் பாடத்தை எவரிடம் கேட்டோமோ, அவரே பாடத்தை மறந்தால் மாணவன் எடுத்துக் காட்டத்தான் வேண்டும்.

ஆங்கிலேயன் பிற நாடுகளுக்குச் சென்றானே, எவர் அழைப்பிதழ் அனுப்பினர்? கடல் கடந்தான், கடை விரித்தான், கோட்டை கட்டினான், கோலோச்சினான். தான் சென்றது மட்டுமா? கரும்புத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்கனை விலங்கிட்டு இழுத்துச் சென்றான். கென்யாவிலே இருப்புப்பாதை போடப் பஞ்சாபியரைக் கப்பலேற்றினான். இலங்கை மலைச் சரிவிலே தேயிலை வளர்க்கத் தமிழரைக் கொண்டுபோய்க் குவித்தான். அந்நாளில் ஒருவனையேனும் நிறுத்தி, உன் பாட்டன் பிறந்த ஊர் எது என்று கேட்டதுண்டா? கேட்டால் தோட்டம் தழைக்குமா, துரையின் பெட்டி நிறையுமா! கேள்வி பிறந்தது பிறகு. அதே மக்களின் பேரப்பிள்ளைகள், ஆண்டவனின் ஊரை — ஆள வந்தவனின் ஊரைச் சொல்கிறோம் — தேடிப் புறப்பட்டபோதுதான் பிறந்தது.

முதலில் திறந்த கதவைக் காண்போம்.

1948-ஆம் ஆண்டு அட்லி தலைமையில் இருந்த தொழிற்கட்சி சர்க்கார், பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை இயற்றிற்று. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் சேர்ந்து ஒரே குடியுரிமை; லண்டனில் பிறந்தவனும் ஜமைக்காவில் பிறந்தவனும் சட்டத்தின் முன் ஒரே குடிமகன். விடுதலை பெற்ற காமன்வெல்த் நாட்டினரும் தடையின்றி வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம், வாக்களிக்கலாம். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால், அது அன்பின் பெருக்கால் சுரந்த ஊற்று என்று எண்ணிவிட வேண்டாம். கனடா 1946-இல் தனக்கெனத் தனிக் குடியுரிமை வகுத்துக்கொண்டது. பேரரசின் சேலை கிழிகிறதே என்று அவசர அவசரமாகப் போட்ட தையல் இது. கனடாவினரும் ஆஸ்திரேலியரும் வந்து போவர் என்று எண்ணித்தான் கதவைத் திறந்தனர். கருநிறத்தார் அந்தக் கதவைத் தமக்கும் திறந்ததாகக் கருதி உள்ளே வருவர் என்று எதிர்பார்த்தாரில்லை.

வந்தனர்! அதே 1948 ஜூன் திங்களில், 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் டில்பரி துறையில் நின்றது. மேற்கிந்தியத் தீவினர் பல நூற்றுவர் இறங்கினர். ஹிட்லரை எதிர்த்த போரில் பிரிட்டனின் விமானப் படையில் பணியாற்றியோரும் அவர்களிடையே இருந்தனர். போர்க்காலத்தில் தோழன்; போர் முடிந்ததும்? அவர்கள் கரையிறங்கிய ஜூன் 22-ஆம் நாளே, தொழிற்கட்சி உறுப்பினர் பதினொருவர் பிரதமருக்குக் கடிதம் தீட்டினர் — இப்படி வருவோரைத் தடுக்க வழி காண வேண்டும் என்று. இறங்கியவன் உடை மாற்றுமுன் எழுதிவிட்டனர் கடிதத்தை. இதில் வேதனையோடு கூடிய வேடிக்கை என்னவெனில், அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய நலவாழ்வுத் துறைக்குச் செவிலியர் போதவில்லை. பேருந்து ஓட்டவும் இரயில் நிலையத்தில் பணியாற்றவும் ஆளில்லை. ஆளுக்காக லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956-இல் பார்படோஸ் தீவுக்கே சென்று, அங்கேயே ஆள் எடுத்தது. பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைகளில் இரவு நேர வேலைக்குப் பாகிஸ்தானத்தார் தேவைப்பட்டனர். பகலில் வெள்ளையன், இரவில் கருநிறத்தான். எந்திரத்துக்கு ஓய்வில்லை, எந்திரத்தின் சொந்தக்காரனுக்கு இலாபம் இருமடங்கு.

ஓட்டும் கை வேண்டும், துடைக்கும் கை வேண்டும், நூற்கும் கை வேண்டும். கைக்கு உரியவன் மட்டும் வேண்டாம். அந்நாட்டின் குடியேற்றக் கொள்கை இத்தனை ஆண்டுகளாக எத்தனை வேடம் பூண்டிருப்பினும், வேடத்துக்குள் இருக்கும் ஆள் இந்த ஆள்தான்.

1958 ஆகஸ்டு இறுதியில் லண்டன் நாட்டிங்ஹில் பகுதியிலே வெள்ளை இளைஞர் கூட்டம் மேற்கிந்தியரை விரட்டி விரட்டித் தாக்கிற்று. அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், அடிபட்டவன் வராமலிருந்திருந்தால் அடி விழுந்திருக்காதே என்று வாதாடினர் அரசியல்வாதிகள்! திருடு போன வீட்டுக்காரனிடம், நீ பொருள் வைத்திருந்ததால்தானே திருடன் வந்தான் என்று கேட்பதற்கு ஒப்பான இந்த வாதம், நான்கே ஆண்டுகளில் சட்டமாயிற்று. அதுதான் 1962-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம்.

சட்டத்தின் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். நிறம் என்ற சொல்லே இராது. இனம் என்ற பேச்சே இராது. வேலை கையில் உள்ளவன் ஒரு வகை, தொழில்திறன் பெற்றவன் ஒரு வகை, இரண்டும் இல்லாதவன் மூன்றாம் வகை. வகைக்கேற்ப அனுமதிச் சீட்டு. நேர்மையான ஏற்பாடு போலத் தோன்றுகிறதல்லவா? தோன்ற வேண்டும் என்பதே திட்டம்! அன்றைய உள்துறை அமைச்சர் பட்லர், 1961 அக்டோபரில் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பு, பின்னர் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்துவிட்டது. இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பே, நிறவேறுபாடு காட்டாதது போல எடுத்துரைக்க முடியும் என்பதுதான். ஆனால் அதன் தடை ஏறக்குறைய முழுவதும் கருநிறத்தார் மீதே விழும். விழ வேண்டும் என்பதே நோக்கம் — இதுவே அக்குறிப்பின் சாரம். நாம் குற்றம் சாட்டவில்லை. அமைச்சரே ஒப்புதல் வாக்குமூலம் தந்திருக்கிறார். கடல் கடந்து அயர்லாந்திலிருந்து அந்நாளில் திரள் திரளாக வந்து கொண்டிருந்தனர். அவர்கள் காமன்வெல்த்தை விட்டு 1949-லேயே விலகிவிட்டவர்கள். அவர்களைத் தடுத்தனரா? இல்லை. விலகியவன் வரலாம், உறவு கொண்டாடியவன் வரக்கூடாது! தோலின் நிறத்தைத் தவிர இந்தக் கணக்குக்கு வேறு விடை உண்டா?

நேர்மையாளர் அன்றும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கெய்ட்ஸ்கெல், இது நிறத்தை எதிர்த்துத் தீட்டிய கொடிய சட்டம் என்று மன்றத்திலேயே முழங்கினார். அந்த முழக்கம் கேட்டு மகிழ்ந்தோர் நெடுநாள் மகிழவில்லை. 1963-இல் அவர் மறைந்தார். 1964 பொதுத் தேர்தலில் ஸ்மெத்விக் தொகுதியிலே, நாடெங்கும் தொழிற்கட்சிக்குக் காற்று வீசியபோதும், அக்கட்சியின் வெளிநாட்டுத்துறைப் பேச்சாளரான கார்டன் வாக்கர் தோற்றார். வென்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்காக அங்கே நடந்த பிரசாரம் நிறவெறிப் பிரசாரம். இந்த ஒரு தோல்வி போதுமானதாக இருந்தது, கொள்கையைக் குழி தோண்டிப் புதைக்க! 1965 ஆகஸ்டில் தொழிற்கட்சி சர்க்கார் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பெயரைக் கவனித்தீரோ! மூன்றாம் வகைச் சீட்டு ஒழிக்கப்பட்டது; ஆண்டுக்கு 8,500 சீட்டுகளே தரப்படும் என்றாயிற்று. எதிர்க்கட்சியாக இருந்தபோது கொடுமை எனப்பட்டது, ஆளும் கட்சியானதும் போதாத கொடுமை எனப்பட்டது.

போட்ட தடை எண்ணிய பயனைத் தந்ததா? அதுவுமில்லை. அதுவரை மேற்கிந்தியனும் பஞ்சாபியும் வந்தனர், உழைத்தனர், ஊர் திரும்பினர், மீண்டும் வந்தனர். சட்டம் வரப்போகிறது எனத் தெரிந்ததும், பதினெட்டுத் திங்கள் அளவுக்கு, முன் காணாத பெருங்கூட்டம் முண்டியடித்து வந்து சேர்ந்தது. வந்தவன் திரும்பவில்லை, திரும்பினால் மீண்டும் நுழைய முடியாதே! தானே திரும்பாமல் மனைவி மக்களை அழைத்துக்கொண்டான். தற்காலிகமாக வந்தவனை நிரந்தரக் குடியாக்கியது, அவனை வராதே என்ற சட்டம். இந்த எளிய உண்மையை அந்நாட்டு ஆராய்ச்சியாளர் எழுதினர். அமைச்சர்களோ இன்றளவும் படித்ததாகத் தெரியவில்லை.

இனி 1968-க்கு வருவோம். அங்கேதான் பாட்டன் நிற்கிறார்.

கென்யா 1963-இல் விடுதலை பெற்றது. அங்கு வாழ்ந்த இந்திய வழியினருக்குக் கென்யக் குடிமக்களாக மாற இரண்டாண்டுத் தவணை தரப்பட்டது. பலர் மாறினர், மாறாதோரும் பலர். மாறாதோர் கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். போலிச் சீட்டல்ல, சொந்த சர்க்கார் தன் குடிமகனுக்குத் தந்த சீட்டு. 1967-இல் கென்ய அரசு, தொழிலுக்கும் வணிகத்துக்கும் உரிமம் கேட்டு அவர்களை நெருக்கியபோது, அவர்கள் தம் சீட்டை எடுத்துக்கொண்டு தம் நாடு என்று நம்பியிருந்த நாட்டுக்கு விமானம் ஏறினர். அந்நியன் அல்ல, அகதி அல்ல. குடிமகன் தன் நாட்டுக்குச் செல்கிறான். அதைத் தடுக்கச் சட்டம் இயற்ற முடியுமா? முடியும் என்று காட்டினார் உள்துறை அமைச்சர் காலகன்! 1968 பிப்ரவரி இறுதியில் மன்றத்துக்கு வந்த மசோதா, மூன்றே நாட்களில் இரு அவைகளிலும் ஓடி முடிந்து, மார்ச் முதல் நாள் சட்டமாகிவிட்டது. நீ பிரிட்டிஷ் குடிமகன்தான், ஐயமில்லை. ஆனால் நீயோ, உன் பெற்றோரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிட்டன் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அன்றி அங்கே முறைப்படி குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். இல்லையேல், வரிசையில் நில். ஆண்டொன்றுக்கு 1,500 குடும்பத் தலைவர்க்கே அனுமதி.

நைரோபியிலே அடுத்தடுத்த வீட்டில் இருவர். இருவர் கையிலும் ஒரே பாஸ்போர்ட். அட்டை ஒன்று, முத்திரை ஒன்று, அரசியின் பெயரால் உள்ளே அச்சிட்ட வாசகமும் ஒன்று. ஒருவனுக்குப் பாட்டன் யார்க்‌ஷயரில் பிறந்தவன். மற்றவனுக்குப் பாட்டன் குஜராத்தில் பிறந்தவன். முன்னவன் பிரிட்டனைக் கண்ணால் கண்டதே இல்லை எனினும் நேரே போகலாம். பின்னவன் பிரிட்டனுக்காகவே உழைத்தவன் எனினும் காத்திருக்கலாம். பிறப்பு ஒன்றையே கொண்டு ஒருவனை உள்ளேயும் ஒருவனை வெளியேயும் நிறுத்தும் முறை, நமக்குப் பழக்கமான முறைதான். கோயில் வாசலில் அதனைக் கண்டிருக்கிறோம். அதனை ஹீத்ரோ வாசலில் கண்டபோது, மேனாட்டார் நம்மவரிடம் கற்றதும் உண்டு போலும் என்று எண்ணத் தோன்றிற்று!

எதிர்த்து வாக்களித்தார் அயன் மெக்லியாட். அவர் தொழிற்கட்சியினரல்லர், கன்சர்வேடிவ் கட்சியார், குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தவர். கொடுத்த வாக்கைக் காப்பது கடமை என்றார். கொடுத்த வாக்கு நினைவிருந்தது பழமைக் கட்சிக்காரருக்கு. மறந்தது பாட்டாளி கட்சி! ஐரோப்பிய மனித உரிமைக் குழு 1973-இல் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து, இது இனவேற்றுமை காட்டுவது மட்டுமன்று, மனிதனை இழிவுபடுத்தும் நடத்தை என்றே முடிவுரைத்தது.

சட்டம் வந்த ஏழாவது வாரம், ஏப்ரல் 20-இல், பர்மிங்ஹாமிலே ஈனக் பவல் பேசினார். குருதி ஓடும் என்று குறிசொன்ன அந்தப் பேச்சுக்காக எட்வர்டு ஹீத் மறுநாளே அவரைத் தம் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். நல்லது செய்தார். ஆயினும், பவலின் பேச்சைக் கண்டு பதறியோரில் எத்தனை பேர், ஏழு வாரத்துக்கு முன் காலகனின் சட்டத்துக்குக் கை தூக்கியவர்கள்! அவர் வாயால் சொன்னார்; இவர்கள் கையால் செய்தார்கள். வாய்க்குத் தண்டனை, கைக்குப் பதவி.

மூன்றாண்டுக்குப் பின் அதே ஹீத் பிரதமராக இருந்து இயற்றிய 1971-ஆம் ஆண்டுச் சட்டம், பாட்டன் கொள்கைக்குப் பட்டாபிஷேகமே செய்து வைத்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1973 ஜனவரி முதல் நாள். அதே நாளில், அதே காலையில், பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் உறுப்பாயிற்று. பிரிட்டனோடு போரிட்ட ஜெர்மானியன் அன்று முதல் தடையின்றி வந்து வேலை தேடலாம். பிரிட்டனுக்காகப் போரிட்ட பஞ்சாபி அன்று முதல் அனுமதி தேட வேண்டும். ஜெர்மானியன் வரட்டும், நமக்கு வருத்தமில்லை. இரு கதவுகளை ஒரே மணியடித்து, ஒன்றைத் திறந்து ஒன்றை மூடிய அந்த நாள் பொருத்தத்தைத்தான் வியக்கிறோம். பாட்டனோ இன்னும் ஓய்வு பெறவில்லை. பிரிட்டனில் பிறந்த பாட்டனோ பாட்டியோ உடைய காமன்வெல்த் நாட்டினர்க்கு, வந்து வேலை செய்ய ஐந்தாண்டுத் தனி விசா தரும் ஏற்பாடு பின்னரும் தொடர்ந்து வந்திருக்கிறது. 'மூதாதையர் விசா' என்றே அதற்குப் பெயர்! திவசம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம்.

இடையே ஒரு நற்செயலும் நடந்தது. 1972-இல் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர் அனைவரும் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றான். ஹீத் தம் கட்சியிலேயே எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, அவர்களுள் ஏறத்தாழ 28,000 பேரை ஏற்றார். லெஸ்டர் நகர மன்றமோ உகாண்டாச் செய்தித்தாளில் விளம்பரமே வெளியிட்டது, எம் ஊருக்கு வராதீர் என்று! வராதீர் என்றதால் ஊர் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தோரும் உண்டு. வந்தனர், கடை வைத்தனர், ஆலை தொடங்கினர். அந்நகரின் பெருமை பேசும்போது இன்று முதலில் எடுத்துச் சொல்லப்படுவோர் அவர்களே. ஊர் அழியவில்லை, உலகம் கவிழவில்லை.

இங்கே ஒரு வாதம் எழும், எழட்டும். "தன் நாட்டில் எவர் நுழையலாம் என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா? இடமெங்கே, வீடெங்கே, பள்ளியெங்கே? வரவைக் குறைத்தால்தானே வந்தவரையேனும் வாழவைக்க முடியும்?" உரிமை உண்டு. எல்லை இல்லாத அரசில்லை. கணக்குப் பாராத குடும்பமில்லை. ஆனால் கணக்கை எப்படிப் பார்ப்பது? வீடு பற்றவில்லையெனில், ஆஸ்திரேலியனுக்கு மட்டும் பற்றுவது எப்படி? வரவைக் குறைத்தால் நல்லுறவு வளரும் என்றனர் 1962-இல். ஆறே ஆண்டில் பவல் வந்தார். 1968-இல் குறைத்தனர், நேஷனல் பிரண்ட் என்னும் நிறவெறிக் கட்சி எழுபதுகளில் தழைத்தது. ஒவ்வொரு சட்டமும் வெறியனிடம், நீ சொன்னது மெய்தான் என்று ஒப்புக்கொண்டது. மெய் என்று சர்க்காரே ஒப்பியபின் அவன் ஏன் அடங்குவான்? அடுத்ததைக் கேட்பான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: வேலையிலும் வீட்டு வாடகையிலும் நிறவேற்றுமை காட்டுவது குற்றம் என்ற சட்டமும் அதே 1968-இல்தான் வந்தது, 1976-இல் அது வலுப்பெற்றது. அச்சட்டங்களால் பயன் பெற்றோர் பலர். ஆனால், வீட்டுக்காரன் வேற்றுமை காட்டக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு, அரசே வாசலில் நின்று வேற்றுமை காட்டிற்று.

வாசலில் காட்டிய வேற்றுமை எவ்வளவு கீழே இறங்கிற்று என்பதை எழுதவும் கை கூசுகிறது. 1979 ஜனவரியில், மணமகனைத் தேடி ஹீத்ரோவில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் சொல்வது மெய்யா என்றறியக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினர் அதிகாரிகள். செய்தி பிப்ரவரியில் ஏட்டில் வெளிவந்ததும் நிறுத்திவிட்டோம் என்றனர். ஒருவரோடு நிற்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் நடந்த இச்சோதனைக்குக் குறைந்தது 80 பெண்கள் ஆளாயினர் என்பதை, ஆவணங்களைக் கொண்டு 2011-இல் வெளிப்படுத்தினர். விக்டோரியா அரசியின் நாட்டிலே, ஒரு பெண் பிரதமராவதற்குச் சில திங்கள் முன்னே நடந்தது இது!

அந்தப் பெண் பிரதமர் தாட்சரின் ஆட்சியில், 1981-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே மூன்றாகப் பிளந்தது. பிரிட்டன் மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்ததாலேயே குடியுரிமை பெறும் என்ற நெடுநாள் மரபும் 1983 முதல் ஒழிந்தது. அதன்பின் தொல்லை தமிழன் தலைமீது விழுந்தது.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் வேட்டையாடப்பட்டனர். உயிர் தப்பியோருள் சிலர் லண்டன் நோக்கி வந்தனர். விடை என்ன? 1985 மே திங்களில் இலங்கையினர்க்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடொன்றின்மீது பிரிட்டன் விசா சுமத்தியது அதுவே முதன்முறை. முதல் மரியாதை தமிழனுக்கு! அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும், பாகிஸ்தானுக்கும், வங்காள தேசத்துக்கும், நைஜீரியாவுக்கும், கானாவுக்கும் அது பரவிற்று. எண்ணிப் பாருங்கள். வீடு எரிகிறது, ஓடி வருகிறான். அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதி, காரணம் காட்டி, முத்திரை பெற்று ஓடி வா என்பது சட்டம். காரணத்தைக் கண்டால் முத்திரை தருவாரா?

1987 பிப்ரவரியில், ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர், விமானத்தில் ஏற மறுத்து, ஓடுதளத்தருகே தம் மேலாடைகளைக் களைந்து நின்றனர். எடுத்துக்கொள்ள எம்மிடம் இனி எதுவும் இல்லை என்பதை வேறெந்த மொழியில் சொல்வது? நீதிமன்றம் குறுக்கிட்டதால் அன்று அனுப்பவில்லை. ஆனால், சில வாரங்களுக்குள் புதிய சட்டம் வந்தது: உரிய சீட்டில்லாதவனை ஏற்றிவரும் விமான நிறுவனம், தலைக்கு ஆயிரம் பவுன் தண்டம் கட்ட வேண்டும். அன்று முதல் கொழும்பிலும் சென்னையிலும் விமானச் சீட்டுக் கொடுப்பவரே பிரிட்டனின் எல்லைக் காவலர் ஆகிவிட்டனர். அடைக்கலம் கேட்பவன் பிரிட்டனின் மண்ணை மிதித்தால்தானே கேட்பான்? மிதிக்கவே விடாதே என்பது தந்திரம். வந்துசேர்ந்த தமிழருள் சிலரை அதே ஆண்டு ஹாரிச் துறைமுகத்தில் ஒரு படகுக் கப்பலில் அடைத்தும் வைத்தனர். அக்டோபர்ப் பெரும்புயலில் அந்தக் கப்பலே கட்டறுத்துக்கொண்டு மிதந்து போயிற்று. 1988-இல் ஐந்து தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினர். இவர்களுக்கு அடைக்கலம் தந்திருக்க வேண்டும் என்று 1989-இல் மேல்முறையீட்டு நடுவர் கூறியபின், மீண்டும் அழைத்தனர். நடுவரின் சொல் வரும்வரை அவர்கள் உயிரோடிருந்தது அவர்தம் நற்பேறு. அதில் சட்டத்துக்குப் பங்கில்லை.

பழங்கதை என்பார் உண்டு. 2021 அக்டோபரில் கடலில் தத்தளித்த தமிழரின் படகை மீட்டு, இந்துமாக்கடலில் பிரிட்டன் ஆட்சிக்குட்பட்ட டியாகோ கார்சியாத் தீவிலே கொண்டுபோய் வைத்தனர். குழந்தைகளும் இருந்தனர். கூடாரத்தில், எலிகளுக்கிடையே, மூன்றாண்டு! 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்துக்கு முரண் என்று அந்தப் பகுதியின் நீதிமன்றமே அதே திங்களில் தீர்ப்பளித்தது.

வந்தவனைத் தடுத்தது போதாதென்று, வாழ்ந்தவனையும் விரட்டிய கதை ஒன்று உண்டு. தெரீசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2012-இல், சட்டத்துக்கு மாறாகத் தங்கியோர்க்குப் பகைச் சூழலை உருவாக்கப் போவதாகக் கூறினார். சூழல் என்றால் பூங்காவும் புனலும் என்று நினைத்திருந்தோம்! 2014, 2016 சட்டங்களின்படி, வீட்டுக்காரர் குடிவருவோனின் சீட்டைச் சோதிக்க வேண்டும். வங்கி சோதிக்க வேண்டும். முதலாளி சோதிக்க வேண்டும். நாடு முழுவதும் சுங்கச் சாவடி. 2013-இல் 'ஊர் திரும்பு, இல்லையேல் சிறை' என்ற பொருளில் எழுதிய வண்டிகளை லண்டன் வீதிகளில் உலவவிட்டனர்.

வலையில் வீழ்ந்தவர் எவர்? விண்ட்ரஷ் காலத்துக் குழந்தைகள். தாய் தந்தையின் கைப்பிடித்துக் கப்பலில் வந்தவர். 1973-க்கு முன் வந்ததால் தங்கும் உரிமை பெற்றவர். ஐம்பதாண்டு வரி கட்டியவர். அவர்களிடம், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று காட்டு என்றனர். வந்திறங்கிய நாளைக் காட்டும் அட்டைகளோ, உள்துறையிடமே இருந்தன; அவற்றை 2010-இல் அழித்தது அதே உள்துறை! வேலை போனவர், வீடு இழந்தவர், புற்றுநோய்க்கு மருத்துவம் மறுக்கப்பட்டவர், சிறைவைக்கப்பட்டவர். நாடு கடத்தப்பட்டோர் குறைந்தது 83 பேர் என்று சர்க்காரே ஒப்பிற்று. செய்தி 2018 ஏப்ரலில் வெடித்தபோது அவர்களுள் மாண்டோரும் உண்டு. உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தனர். அங்கும், பாதிக்கப்பட்டவனே சான்று காட்ட வேண்டும் என்றனர். கை நீட்டிக் காத்திருந்தே கண் மூடியவர் பலர்.

இந்த இழிவின் வேரை ஆராய, உள்துறையே ஒரு வரலாற்றாசிரியரை அமர்த்திற்று. அவர் எழுதித் தந்தார். எழுதியதைப் பூட்டி வைத்தனர். தகவல் உரிமை கோரி வழக்காடியபின், நடுவர் மன்றத்தின் ஆணையால் 2024 செப்டம்பரில் அது வெளிவந்தது. 1950 முதல் 1981 வரை பிறந்த குடியேற்ற, குடியுரிமைச் சட்டம் ஒவ்வொன்றும், கருப்பு, பழுப்புத் தோலுடையாரின் தொகையைக் குறைப்பதை ஓரளவேனும் நோக்கமாகக் கொண்டே இயற்றப்பட்டது — அறிக்கையின் முடிவு இது. நாம் இத்தனை பக்கம் வாதாடிய வழக்குக்கு, எதிர்த்தரப்பின் பெட்டியிலிருந்தே கிடைத்த தீர்ப்பு.

நிறம் ஒத்தவன் மட்டும் தப்பினானா? 2004-இல் போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன் கதவைத் திறந்தது. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேரே வருவர் என்று கணக்குச் சொன்னது. 2011 குடிக்கணக்கில் போலந்தில் பிறந்தோர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 5,79,000. வெள்ளை நிறம், கிறித்தவ மதம். ஆயினும் வெறுப்பு அவர்களையும் விடவில்லை. கருநிறத்தான் மீது ஏவிப் பழக்கிய நாய் அடுத்த வீட்டு வெள்ளையனையும் கடித்தது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில், எல்லையை மீட்போம் என்ற கூச்சலுக்கு 51.9 விழுக்காடு வாக்கு விழுந்தது. எல்லையை மீட்டனர். வரவு குறைந்ததா? ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2010 முதல் உறுதி கூறிய கட்சியின் ஆட்சியிலேயே, 2023-இல் நிகர வரவு ஒன்பது இலட்சத்தைத் தாண்டிற்று! அடைக்கலம் கேட்போரை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று 2022-இல் தொடங்கிய கூத்துக்கு 70 கோடி பவுன் செலவு. அதன்கீழ்ச் சென்றவர், தாமே விரும்பிச் சென்ற நால்வர். 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அதைக் கைவிட்டது.

கைவிட்டதைப் பாராட்டி முடிக்குமுன், 2025 மே திங்களில் அதே கட்சியின் பிரதமர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் என்று எச்சரித்தார். சில வாரம் கழித்து அச்சொல்லுக்கு வருந்தினார். சொல்லுக்கு வருந்தினார்; திட்டத்தைத் திரும்பப் பெறவில்லை.

அத்திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்துவோம். பிரிட்டனில் முதியோரைக் குளிப்பாட்ட, உணவூட்ட, படுக்கை மாற்ற ஆளில்லை. கூலி குறைவு, ஆகவே உள்நாட்டார் வரவில்லை. 2022-இல் அவ்வேலைக்கு விசா திறந்தனர். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும், நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் பெண்கள் சென்றனர். தரகருக்கு இலட்சக்கணக்கில் கடன்பட்டுச் சென்றோரும் அவர்களுள் உண்டு. 2024 மார்ச் முதல், இனி வருவோர் கணவனையும் குழந்தையையும் அழைத்து வரலாகாது என்றனர். 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினர். அந்த இடைப்பட்ட பதினாறு திங்களில் சென்றவள், யாரோ ஓர் ஆங்கிலத் தாயை இரவெல்லாம் கண்விழித்துக் காக்கிறாள். அவள் குழந்தை கோட்டயத்திலோ நாகர்கோயிலிலோ, பாட்டியின் மடியில் உறங்குகிறது.